இடது பக்க விளக்கு

அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். எல்லோருக்கும் வியர்க்கிற மாதிரி அல்ல. துடைக்கத் துடைக்க ஊறிக்கொண்டே இருக்கும். பயந்தால் வியர்க்கும், சந்தோஷப்பட்டால் வியர்க்கும், ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வியர்க்கும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் நனைந்து, மை ஊறி, எழுதின பதில் எதுவும் தெரியாமல் போனதால்தான் தன் படிப்பு நின்றது என்று அவர் சொல்வார். பதில் தெரிந்திருந்தால் இன்னொரு தாள் வாங்கி எழுதியிருக்கலாமே என்று அவர் மனைவி கேட்பாள்.

கையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். அதனால் அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே கர்ச்சீப். அம்மா அப்பா வைத்த பெயரைச் சொல்லி யாராவது தேடிக்கொண்டு வந்தால், அப்படி ஒருத்தரும் இங்கே இல்லையே என்று பக்கத்துக் கடைக்காரரே திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு மனுஷன் என்னென்னவோ வேலை பார்த்தார். தையல் கடையில் சேர்ந்தார். வெள்ளைச் சட்டையில் அஞ்சு விரலும் பதிந்தது, மறுநாள் வர வேண்டாம் என்றார்கள். அச்சகத்தில் சேர்ந்தார். காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் கார் எலெக்ட்ரிக் வேலைக்கு வந்து விழுந்தார். அங்கேதான் இந்தக் கைக்கு யோகம் அடித்தது.

ஹெட்லைட் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரல் பிசுக்கு அதில் ஒட்டிக்கொண்டால், பல்பு சூடாகும்போது அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சுட்டு, சீக்கிரமே போய்விடும். தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் தொடுவார்கள். அவசரம், அலட்சியம், அடுத்த வண்டி நிற்கிறது. கர்ச்சீப்பால் அப்படித் தொட முடியாது. கைக்குட்டை இல்லாமல் பிடித்தால் பல்பு வழுக்கிக் கீழே விழுந்துவிடும். ஆகவே அவர் மாட்டுகிற ஒவ்வொரு பல்பும் துணிக்குள் பிடித்து, குழந்தைக்குத் தொப்பி போடுகிற மாதிரி மெதுவாக உள்ளே போகும். அவர் மாட்டின பல்பு நீண்ட நாள் எரியும் என்று பெயர் வந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெயர் கைக்குட்டைக்குத்தான் போக வேண்டும்.

கடை என்பது ஒரு ஷட்டர், ஒரு பெஞ்சு, பல்புகளும் ஃபியூஸ்களும் அடுக்கின ஒரு கண்ணாடி அலமாரி, அவ்வளவுதான். ஆனால் எதிரே ஒரு சுவர் உண்டு. ஏதோ ஒரு கிடங்கின் பின்புறச் சுவர். அதில் ஒரு பகுதிக்கு மட்டும் அவரே சுண்ணாம்பு அடித்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடும், இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கோடும் போட்டு வைத்திருந்தார். வண்டியை அதன் எதிரே நிறுத்தி லைட்டைப் போட்டால், இரண்டு வெளிச்சமும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விழும். எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று பார்த்துத் திருகாணியைத் திருகுவார். டிரைவர் சீட்டில் இருப்பவரிடம் எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வார். "நேரா நடுக்கோட்டையே பாருங்க."

வேலையில் இவ்வளவு கருத்தான மனுஷனுக்கு வாய் மட்டும் சுத்தமாக வராது. யாருக்கும் ஒரு கசப்பான வார்த்தை சொல்லத் தெரியாது. வாடிக்கையாளர் தப்பாக ஒயர் மாட்டி வண்டியைப் பாழாக்கிக் கொண்டுவந்தாலும், "சில சமயம் அப்படித்தான் ஆயிடும்" என்பார். வீட்டில் குழாய் ஒழுகினால் மாற்றுவார், பேச வேண்டிய விஷயம் வந்தால் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போய்விடுவார். அவர் மனைவி இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அவருக்கு உலகத்தில் மிகவும் வேண்டிய மனிதர் ஒருத்தர் உண்டென்றால் அது அவருடைய மாமனார். காரணம் சின்னதுதான். கல்யாணம் பேசி முடித்த அன்று, கர்ச்சீப்பின் கையில் கைக்குட்டை இல்லை. பதற்றத்தில் எங்கேயோ விட்டுவிட்டார். உள்ளங்கை குளமாக நிற்கிறது. வந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் கை கொடுத்துவிட்டு, நாசூக்காக வேட்டியிலோ பேன்ட்டிலோ துடைத்துக்கொண்டார்கள். மாமனார் மட்டும் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. பிடித்தபடியே நின்று, வண்டிகளைப் பற்றி, ரோட்டைப் பற்றி, டைனமோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். விட்ட பிறகும் துடைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒன்றுக்காக கர்ச்சீப் அவருக்கு ஆயுசு முழுக்கக் கட்டுப்பட்டவராகிவிட்டார்.

மாமனார் டிரைவர். வாழ்நாள் முழுக்க ஒரு கம்பெனி முதலாளியின் காரை ஓட்டியவர். பின்கதவைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு, திறந்துவிட்டு, மூடிவிட்டே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகுதான் பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். வாங்கின அன்று தன் மனைவியை அழைத்து, முன்பக்க இடது சீட்டின் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். அந்த அம்மாள், கர்ச்சீப்புக்கு அத்தை, அதுவரை அவர் ஓட்டின எந்த வண்டியிலும் ஏறியதே இல்லை. கால் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மகள், பேரப்பிள்ளைகள், விருந்தாளி, யாராக இருந்தாலும் பின்னால்தான்.

அத்தை வண்டியில் ஏறினால் வாய் ஓயாது. "சைக்கிள் வருது பாருங்க." "ஓரத்துல ஆள் நிக்குது." "கொஞ்சம் ஒதுங்குங்க, ஸ்கூட்டர்காரன் உரசுறான்." ஏறினதிலிருந்து இறங்குகிற வரை இதே பாட்டுதான். குடும்பமே இதை வைத்துச் சிரிக்கும். "எங்க அம்மா உக்காந்தா ஹாரனே வேண்டாம்" என்பாள் கர்ச்சீப்பின் மனைவி. இத்தனை வருஷம் வண்டி ஓட்டினவருக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறாளே என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அத்தை சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். மாமனார், "ரேடியோ இல்லாத வண்டி, அவளாவது பேசட்டும்" என்பார்.

இன்னொரு பழக்கமும் அத்தைக்கு உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் வெயில் சாய்ந்ததுமே எழுந்து நிற்பார். "இருட்டுறதுக்குள்ள கிளம்பலாங்க." பேச்சு பாதியில் நிற்கும், டீ பாதியில் நிற்கும். அதற்கும் சிரிப்புதான்.

இளைய மகளுக்குப் பிரசவம் என்று அத்தை ரயிலேறி வேற்றூருக்குப் போனார். குழந்தை பிறந்து, கொஞ்சம் தேறுகிற வரை அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. மாமனார் தனியானார். தனியான மனுஷன் வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார்? காரை எடுத்துக்கொண்டு சுற்றினார். சுற்றினவர், மருமகன் கடைக்கு வர ஆரம்பித்தார்.

முதல் தடவை வந்தபோது உண்மையாகவே கோளாறு இருந்தது. இடது பக்கத்து பார்க்கிங் லைட், முன்னால் மூலையில் இருக்குமே அந்தச் சின்ன பல்பு, கறுத்துப் போயிருந்தது. கர்ச்சீப் ஹோல்டரைத் திருகி எடுத்து, பல்பை நேராக இழுத்து, புதிதை அழுத்திவிட்டார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மாமனார் திருப்தியாகப் போனார்.

அடுத்த முறை, "இடது ஹெட்லைட் மங்குது மாப்பிள்ளை" என்றார். பார்த்தால் நன்றாகத்தான் எரிந்தது. இருந்தாலும் மாமனார் சொல்லிவிட்டாரே. பானெட்டைத் திறந்தார். அந்த வண்டியில் இடது பக்கம் பேட்டரி இடித்துக்கொண்டு நிற்கும், கையை நுழைத்து, பார்க்காமலே தடவித்தான் வேலை செய்ய வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கிளிப்பை விடுவித்து, பழைய பல்பை எடுத்துவிட்டுப் புதிதை மாட்டினார். புறங்கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அதற்கும் அடுத்த முறை மாமனார் ஒரு புதுச் சங்கதி சொன்னார். "விட்டு விட்டு எரியுது மாப்பிள்ளை. இருக்குற மாதிரி இருக்கு, நேரா பாத்தா இல்ல. கொஞ்சம் இப்படித் திரும்பினா வந்துடுது. லூஸ் கனெக்‌ஷன்தான்."

லூஸ் கனெக்‌ஷன் என்பது எலெக்ட்ரீஷியனுக்கு வாய்த்த சனியன். டாக்டர் வாசலுக்குப் போனதும் பல்வலி நிற்கிற மாதிரி, கடை வாசலுக்கு வந்ததும் எல்லாம் ஒழுங்காக எரியும். வீட்டுக்குப் போனதும் மறுபடி ஆரம்பிக்கும். கர்ச்சீப் அதைத் தேடி அலைந்தார். ஹோல்டரை மாற்றினார். எர்த் ஒயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப முடுக்கினார். ஸ்விட்சைப் பிரித்துத் துடைத்தார். ஒயரை இழுத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், பானெட்டைத் தட்டிப் பார்த்தார். லைட் கண் கொட்டாமல் எரிந்தது.

அந்த நாட்களில் காரின் இடது பக்கத்தில் கீறல்கள் வர ஆரம்பித்தன. பக்கக் கண்ணாடி ஒரு நாள் உடைந்து தொங்கியது. "நிறுத்தி வச்ச வண்டிய எவனோ உரசிட்டுப் போயிட்டான். இப்பல்லாம் ஒருத்தனுக்கும் கண்ணே தெரிய மாட்டேங்குது" என்றார் மாமனார். வீட்டு கேட் தூணின் முனையில் காரின் நீல பெயின்ட் அப்பியிருந்ததை கர்ச்சீப்பின் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நிறுத்தி வைத்த தூணையும் எவனோ உரசிவிட்டானா என்று கேட்டாள். கர்ச்சீப் குழாயைப் பார்க்கப் போய்விட்டார்.

அத்தை திரும்பி வருகிற நாள் வந்தது. ரயில் சாயங்காலம் வருகிறது. மாமனார் குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கடையில் நிறுத்தினார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பாத்து விடுங்க மாப்பிள்ளை. அவ வந்து ஏறின உடனே இடது லைட் எரியலன்னு ஆரம்பிச்சுடுவா."

காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தச் சொல்லிவிட்டு, கர்ச்சீப் சுவரோரம் போய் நின்றார். மாமனார் டிரைவர் சீட்டில் இருந்தபடியே லைட்டைப் போட்டார். இரண்டு வெளிச்சமும் சுண்ணாம்புச் சுவரில் பளிச்சென்று விழுந்தன. இடது வெளிச்சம் கர்ச்சீப்பின் மேலேயே விழுந்தது. சட்டை, கை, கைக்குட்டை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"நேரா நடுக்கோட்டையே பாருங்க மாமா."

"பாக்குறேன். இடது எரியலையே."

கர்ச்சீப் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். வெளிச்சத்தில் பொத்தானின் ஓட்டை கூடத் தெரிந்தது.

"நீங்க எங்க போயிட்டீங்க மாப்பிள்ளை? சுவர்கிட்ட வந்து நின்னாத்தானே தெரியும்" என்றார் மாமனார்.

கர்ச்சீப் மெதுவாக நகர்ந்து வலது வெளிச்சத்துக்குப் போனார்.

"ஆங், வந்துட்டீங்களா."

திரும்ப இடது பக்கம் வந்தார். கைக்குட்டையை விரித்து, தலைக்கு மேலே தூக்கி, ஆட்டினார். ரயிலை நிறுத்துகிறவன் மாதிரி ஆட்டினார். மாமனார் நேராக நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டு, "மறுபடி எங்க போனீங்க?" என்றார்.

கர்ச்சீப் கைக்குட்டையை இறக்கினார். இத்தனை நாளாகத் தான் தேடின லூஸ் கனெக்‌ஷன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கூடவே ஸ்டேஷன் ரோடும் ஞாபகத்துக்கு வந்தது. சாயங்கால நேரம். சைக்கிள்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், ஓரத்தில் நடக்கிற ஜனங்கள், எல்லாம் இடது பக்கம். திரும்பி வரும்போது இடது சீட்டில் அத்தை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த மனுஷன் சாவியைத் திருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்குள் ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அங்கே அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பானெட்டைத் திறந்து பல்பை மாற்றினார். நன்றாக எரிகிற பல்பைக் கழற்றிவிட்டு, நன்றாக எரிகிற இன்னொரு பல்பை மாட்டினார். கைக்குட்டை பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு நனைந்திருந்தது. அவர் மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் ஒரு மனிதர் தன் கையைப் பிடித்து விடாமல் நின்றதை நினைத்துக்கொண்டிருக்கிறவரிடம், அதே மனிதரின் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கு என்றால் என்ன செய்வார், பாவம்.

மாமனார் தலையை லேசாகத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். "இப்ப வந்துடுச்சு. உங்க கைராசியே ராசி" என்றார்.

"நான் ஓட்டிட்டு வரட்டுமா மாமா? சும்மா, கூட வர மாதிரி இருக்கும்."

"கடைய யாரு பாப்பாங்க? நீங்க பல்பு மாட்டுங்க, நான் வண்டி ஓட்டுறேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம்."

கர்ச்சீப் கடைசியாக ஒரு குறுக்கு வழி பார்த்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு, ஹெட்லைட் ஃபியூஸ் இரண்டையும் உருவி, ஈரமான உள்ளங்கையில் மூடிக்கொண்டார். சுவர் இருண்டது. "ஃபியூஸ் போயிடுச்சு மாமா. கடையில வேற இல்ல. நாளைக்குத்தான் வரும். வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். அலமாரியில் கலர் கலராக ஃபியூஸ் அடுக்கியிருந்தது, அதுவும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி.

மாமனார் சிரித்தார். அவரும் ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டார். பார்க்கக்கூட இல்லை. ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் செருகி வைத்திருந்த உபரி ஃபியூஸ் இரண்டையும் தடவி எடுத்து, தடவியே மாட்டினார். சுவரில் வெளிச்சம் திரும்ப விழுந்தது.

"நான் யாரு வண்டி ஓட்டினவன்னு மறந்துட்டீங்களா? எந்த ஃபியூஸ் எங்க இருக்குன்னு என் விரலுக்குத் தெரியும்" என்றவர், சிரிப்பை நிறுத்திவிட்டு மருமகனைப் பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை வண்டிய நிறுத்தப் பாக்குறீங்க?"

கர்ச்சீப் கையை விரித்தார். இரண்டு ஃபியூஸும் ஈரத்தில் மின்னின.

"பல்பு நல்லாத்தான் இருக்கு மாமா" என்றார்.

மாமனார் அந்த ஃபியூஸ்களைப் பார்த்தார். பிறகு, தொழில் பேசுகிற குரலிலேயே கேட்டார்.

"ஹோல்டர்?"

"நல்லா இருக்கு."

"எர்த்?"

"நல்லா இருக்கு மாமா."

"ஒயர் எங்கயாவது அறுந்திருக்கும்."

"முழுசா பாத்துட்டேன்."

"ஸ்விட்ச்?"

"கழட்டித் தொடைச்சு மாட்டினேன். நல்லா இருக்கு."

"பேட்டரி வீக்கா இருக்கும்."

"பேட்டரி புதுசு மாமா. நீங்கதான் போன மாசம் வாங்கிப் போட்டீங்க."

அதற்கு மேல் அந்த வண்டியில் கேட்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. மாமனார் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். நடுக்கோட்டை நேராகப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினார். திரும்ப நேராகக் கொண்டுவந்தார். மறுபடியும் திருப்பினார். வெளிச்சம் வருவதும் போவதும் அவர் முகத்தைப் பார்த்தே கர்ச்சீப்புக்குத் தெரிந்தது. சுவரில் வெளிச்சம் அசையாமல் இருந்தது.

"லூஸ் கனெக்‌ஷன்தான் மாப்பிள்ளை" என்றார் கடைசியில். "ஆனா வண்டியில இல்ல."

கர்ச்சீப் நாளைக்குக் காலையில் கண் டாக்டரிடம் போவோம் என்று சொல்ல நினைத்தார், பாதிதான் வெளியே வந்தது. மாமனார் தலையாட்டினார். வண்டியிலிருந்து இறங்குவதற்குக் கையை நீட்டினார். கர்ச்சீப் கைக்குட்டையை மறந்தார். நனைந்த கையோடு அப்படியே பிடித்துக்கொண்டார். மாமனார் அந்தக் கையை விடாமல், பானெட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்கக் கதவைத் தானே திறந்து உட்கார்ந்தார். சாவி அந்தப் பக்கம் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அத்தைக்காக முன்னால் தள்ளிப் போட்ட சீட்டு. அவருடைய முட்டி முன்னால் இடித்தது. பின்னால் தள்ளலாமா என்று மருமகன் கேட்டதற்கு, "வேண்டாம், அது அவ சீட்டு. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

கடையை இழுத்து மூடிவிட்டு கர்ச்சீப் ஓட்டினார். வழியில் மாமனார் ஒரே ஒரு முறை, "கிளட்ச்ச அப்படி அமுக்கிட்டே ஓட்டாதீங்க, தேஞ்சுடும்" என்றார். அதைக் கேட்டு கர்ச்சீப்புக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஸ்டேஷன் வாசலில் அத்தை இரண்டு பைகளோடு நின்றுகொண்டிருந்தார். நீலக் காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு, வழக்கம்போல இடது பக்கக் கதவுக்கு வந்தார். கதவைத் திறந்தார். அங்கே புருஷன் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை அந்தப் பக்கம் பார்த்தார். ஸ்டியரிங்கில் மாப்பிள்ளை.

என்ன ஆச்சு என்று கேட்பார், உடம்புக்கு என்ன என்று பதறுவார் என்றுதான் கர்ச்சீப் எதிர்பார்த்தார். வழியெல்லாம் அதற்கு ஒரு பதிலைக்கூடத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அத்தை ஒன்றுமே கேட்கவில்லை. கதவை மெதுவாக மூடினார். பின்கதவைத் திறந்து பைகளை வைத்து, ஏறி உட்கார்ந்தார். புருஷனுக்குப் பின்னால், இடது ஜன்னலோரம்.

வண்டி கிளம்பியது. குழந்தை எப்படி இருக்கிறது என்று மாமனார் கேட்டார். நல்லா இருக்கு, உங்க மூக்கு என்றார் அத்தை. பஜார் திருப்பம் வந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சைக்கிள் வருது பாருங்க."

பார்த்தால் இடது பக்கம் ஒரு சைக்கிள்.

"ஓரத்துல ஒரு அம்மா நிக்கிறாங்க."

அதுவும் இடது பக்கம். அந்த நேரம் வலது பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு, கண்ணாடியை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனது. அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரே ஒருத்தன் ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்து வளைந்து வந்தான். அவனைப் பற்றியும் ஒன்றும் இல்லை. "பள்ளிக்கூடப் பிள்ளைங்க" என்றார். இடது பக்கம்.

கர்ச்சீப்புக்கு ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. இத்தனை வருஷம் குடும்பமே உட்கார்ந்து சிரித்த பேச்சு. ஹாரனே வேண்டாம் என்றார்களே, வெயில் சாய்ந்தால் எழுந்துவிடுகிறாள் என்றார்களே. அந்த அம்மாள் ஒரு நாளும் ரோட்டைச் சொல்லவில்லை. ரோட்டின் ஒரு பக்கத்தை மட்டும்தான் சொல்லிக்கொண்டு வந்தார். சொன்னால் இந்த மனுஷன் சாவியை வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார் என்று, எல்லோருடைய கிண்டலையும் சிரித்துக்கொண்டே வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

மாமனாருக்கும் அது அந்த நிமிஷம்தான் விளங்கியிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?"

கொஞ்ச தூரம் போன பிறகு, "ஸ்கூட்டர் உரசுற மாதிரி வருது" என்றார் அத்தை. குரல் உடைந்திருந்தது.

"மாப்பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் தெரியும்" என்றார் மாமனார். "நீ இனிமே வேடிக்கை பாத்துட்டு வா."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வண்டியில் அவர் வாயை மூடிக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான். மாமனார் ஒரு கையைச் சீட்டுக்குப் பின்னால் நீட்டினார். அதை அத்தை பிடித்துக்கொண்டார் என்பதை கர்ச்சீப் நடுக் கண்ணாடியில் பார்த்தார், பார்த்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினார்.

தெரு வந்தது. வீடு வந்தது. திறந்து கிடந்த கேட்டின் இடது தூணில் நீல பெயின்ட் அப்பியிருந்தது, ஹெட்லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. கர்ச்சீப் வண்டியை நன்றாகத் தள்ளித்தான் கொண்டுபோனார். இரண்டு ஆள் நுழைகிற இடம் இருந்தது. ஆனாலும் அத்தையால் பொறுக்க முடியவில்லை.

"தூண் இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

"சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, கர்ச்சீப் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் வலது பக்கம் ஒடித்தார்.